அந்த 11 வருஷம்

என் ஓவியக் கண்காட்சியன்று, நான் வேலை பார்த்த வார இதழின் ஆசிரியர் கேட்டது இன்னும் என்னை விடவில்லை. கையேட்டின் கடைசிப் பக்கத்தை விரித்துப் பிடித்தபடி, "தம்பி, அந்த 11 வருஷம் எங்கே?" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன்.

கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்தவர், கோலாலம்பூரில் வசிக்கிறார். என்னைப் பற்றிய குறிப்பு அவ்வளவுதான். நடுவில் அவருடைய வார இதழுக்கு வரைந்த கதைப் படங்கள், தொடர்கதைப் படங்கள், தீபாவளி மலர் அட்டைகள் எதுவும் இல்லை. என் வேலை பெர்மிட்டை ஒவ்வொரு முறையும் அலைந்து புதுப்பித்துக் கொடுத்தவர் அவர். எடுக்கச் சொன்னது கலைக்கூடத்துக்காரர். இலஸ்ட்ரேட்டர் என்று போட்டால் வாங்குகிறவர்கள் விலையைக் குறைத்துப் பேசுவார்கள் என்றார். ஆனால் அழித்தது என் கை.

கலைக்கூடத்துக்காரர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆங்கிலத்தில் கதைக்குப் படம் போடுகிறவருக்கும் தனியாக ஓவியம் வரைகிறவருக்கும் வேறு வேறு பெயர். தமிழில்தான் இரண்டு பேருக்கும் ஓவியர் என்ற ஒரே சொல். வாரம் 2 கதை, செவ்வாய் வரும், வியாழன் காலை படம் போக வேண்டும். யாரோ எழுதியதற்கு நான் முகம் கொடுத்தேன். எனக்கென்று வரைந்ததெல்லாம் ராத்திரியில். அதைத் தனியாகக் காட்ட ஆசைப்பட்டது தப்பா?

அப்படியே பார்த்தால், பினாங்கில் வளர்ந்து சென்னை ஓவியக் கல்லூரியில் படித்துத் திரும்பிய சையத் தாஜுதீன் ராமாயணத்தையே பெரிய பெரிய ஓவியங்களாக வரைந்தார். கதைக்கு வரைந்தது என்று அவரை யார் குறைத்துச் சொன்னார்கள்? இது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

வந்த முதல் மாதம் ஒரு தோட்டத்துக் கதை. ரப்பர் மரத்தை அதுவரை நான் பார்த்ததே இல்லை. பட்டையில் நேராகக் குறுக்கே ஒரு கோடு போட்டு, அடியில் கள்ளுப் பானை மாதிரி ஒன்றைக் கட்டிவிட்டிருந்தேன். ஆசிரியர் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் காரில் ஏற்றி, சிரம்பான் தாண்டி, அவர் அம்மா பால் வெட்டிய தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் அந்த நேரம். ஒரு மரத்தில் விரலை வைத்து இழுத்துக் காட்டினார்: "இடப்பக்கம் மேலே, வலப்பக்கம் கீழே. உள்ளே பால் குழாய் எதிர்ப்பக்கமா லேசா சாய்ஞ்சு ஏறுது. இப்படி வெட்டினாத்தான் நிறைய குழாய் அறுபடும். ஆழமாப் போனா மரம் புண்ணாயிடும்." சீவிய இடத்தில் வெள்ளைச் சொட்டுகள் வரிசையாகத் துளிர்த்து, ஒன்று சேர்ந்து, கோட்டோடு இறங்கி, பால் பிடிக்கும் கிண்ணமான மங்கில் விழுந்தன. என் விரலில் பட்டது காய்ந்து தோல் மாதிரி உரிந்தது.

கண்காட்சியில் வைத்த 14 கேன்வாஸும் அந்தப் பட்டைதான். வெட்டி ஆறிய தழும்பு, அதன் மேல் புதுக் கோடு. எல்லாம் அந்த ஒரு காலையிலிருந்து வந்தவை. அதைத்தான் அவர் கேட்டாரோ என்று இப்போது நினைக்கிறேன். இல்லை, வெறும் வருஷக் கணக்கைத்தான் கேட்டாரோ.

"அது வேற வேலைண்ணே" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

சரி என்று தலையாட்டினார். பக்கத்துக் கேன்வாஸை ரொம்ப நேரம் பார்த்தார். "கோடு சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

போன வாரம் மலருக்கு ஒரு கதை அனுப்பியிருக்கிறார். தோட்டத்துக் கதை. படிக்கும்போதே படம் எங்கே வர வேண்டும் என்று மனத்தில் விழுந்துவிட்டது. கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: 'ஓவியம்' என்கிற இடத்தில் உன் பெயரைப் போடலாமா, தம்பி?

11 வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் இதைக் கேட்டதில்லை.