வேப்பிலை வாசலில் சொன்ன ஒரு 'சரி'

2022 நவம்பர். மும்பையில் கோவண்டிப் பக்கம் தட்டம்மை பரவியிருந்ததால் தாராவியிலும் நர்சுகள் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தோம். அந்த வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. உள்ளே ஐந்து வயதுப் பையன். காய்ச்சல், இருமல், சிவந்த கண், முகத்தில் தொடங்கி மார்புவரை இறங்கிய தடிப்பு.

ஆச்சி வழியில் நின்றார். "ஆத்தா வந்திருக்கா தாயி. மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் இங்க ஊசிப் பேச்சே எடுக்காத."

"சரி ஆச்சி" என்றேன்.

அப்போது அவர் இடுப்பில் பக்கத்து வீட்டுக் குழந்தை இருந்தது. பதினோரு மாதம். ஒன்பது மாதத்தில் போட வேண்டிய முதல் தட்டம்மை ஊசியின்போது திருநெல்வேலிக்குப் போயிருந்தார்கள், போடவில்லை. அது எனக்குத் தெரியும்.

ஏன் சரி என்றேன்? உள்ளே போக வேண்டும். அந்தப் பையனுக்கு வைட்டமின் ஏ கொடுக்க வேண்டும். அன்றைக்கு இரண்டு லட்சம் யூனிட், மறுநாள் இன்னொரு முறை அதே அளவு. தட்டம்மை கண்ணைக் கெடுக்காமல் காப்பதற்கும், உயிருக்கு ஆபத்தைக் குறைப்பதற்கும் அந்த மருந்து முக்கியம். "இது சூட்டைத் தணிக்கும் சொட்டு" என்று ஆச்சியிடம் சொன்னேன். அவர் நம்பினார். நான் சொன்னது உண்மையில்லை. ஆனால் பையனுக்கு மருந்து போய்ச் சேர்ந்தது.

மறுநாளும் போனேன். அன்றும் குழந்தை அதே இடுப்பில். அன்றும் வாய் திறக்கவில்லை. இரண்டாவது சொட்டு உள்ளே போகட்டும் என்றுதான் நினைத்தேன்.

தட்டம்மைக்காரரோடு பழகிய 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் தடுக்க வாய்ப்புண்டு. ஆனால் தடிப்பு வருவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே நோய் பரவும். அந்தக் குழந்தை தினமும் அந்த வீட்டில்தான் கிடந்தது. அப்படியானால் நான் வேப்பிலையைப் பார்த்தபோதே நேரம் கடந்துவிட்டது. இந்தக் கணக்கை எத்தனையோ இரவுகள் போட்டுப் பார்த்திருக்கிறேன். கணக்கு என் பக்கம்தான் நிற்கிறது. இருந்தாலும் மனம் ஆறவில்லை. அன்றைக்கு நான் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டா சும்மா இருந்தேன்? இல்லையே. ஆச்சி 'இங்க' என்றுதான் சொன்னார். பக்கத்து வீட்டைச் சொல்லவில்லை. குழந்தையின் அம்மா வேலை முடிந்து சாயங்காலம் வருவாள். ஒரு நடை போயிருக்கலாம்.

பத்துப் பன்னிரண்டு நாளில் குழந்தைக்குக் காய்ச்சல். அப்புறம் நிமோனியா, ஆஸ்பத்திரி. பிழைத்துக்கொண்டது. அந்தச் சொல்லை எழுதும்போதுகூடக் கை நடுங்குகிறது.

ஆஸ்பத்திரி வாசலில் ஆச்சியைப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கே நீ கண்டிச்சுச் சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேனே தாயி" என்றார்.

கேட்டிருப்பாரா? அழுகையில் சொன்னது என்று ஒரு நாள் தோன்றும். என் பயத்தால்தான் அவரைக் கேளாதவர் என்று முடிவு கட்டினேன் என்று இன்னொரு நாள் தோன்றும்.

அதற்குப் பிறகு இன்னொரு வேப்பிலை வாசல். இந்த முறை நேரடியாகச் சொன்னேன்: இது கிருமி, காற்றில் பரவும், மற்ற பிள்ளைகளுக்கு இன்றைக்கே ஊசி போட வேண்டும். பொறுமையாகத்தான் கேட்டார்கள். இரண்டு பிள்ளைகளை அனுப்பினார்கள். மறுநாள் நோயாளிக் குழந்தைக்கு இரண்டாவது சொட்டு கொடுக்கப் போனபோது கதவு திறக்கவில்லை. உள்ளே இருமல் கேட்டுக்கொண்டிருந்தது.