தினசரி ஓட்டும் சிட்டிக்குப் புது சைலன்சர் லைன்: இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம்

வண்டி ஹோண்டா சிட்டி 1.5 ஐ-விடெக். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின், 6,600 ஆர்பிஎம்மில் 119 குதிரைத்திறன். மாற்றியது கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்) பின்னால் உள்ள குழாய், ரெசனேட்டர் (சத்தத்தைத் தணிக்கும் சிறு உருளை), சைலன்சர் மட்டும். கன்வர்ட்டரில் கை வைக்கவில்லை, வைக்கவும் கூடாது. அதைக் கழற்றினால் புகைச் சோதனையில் வண்டி தேறாது, எஞ்சின் விளக்கும் எரியும். இந்த வேலையில் இரண்டு மூன்று குதிரைத்திறன் கூடினாலே பெரிது. துருப்பிடிக்காத குழாயும் கனமான சத்தமும்தான் உண்மையான லாபம்.

குழாயின் அளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் இரண்டரை அங்குலம் போடச் சொல்வார்கள். இரண்டு அங்குலத்தைவிட அதன் குறுக்குப் பரப்பு 56 சதவீதம் அதிகம்; அதே அளவு புகை வருவதால் புகையின் வேகம் விழுந்துவிடும். நகரத்துக்குள் 2,000 ஆர்பிஎம்மில் ஓட்டும் வண்டிக்கு அது நஷ்டம். இரண்டு அங்குலம், 1.5 மி.மீ. தடிமன், 304 ஸ்டெயின்லெஸ் எடுத்தோம். வளைவுகள் மேன்ட்ரல் பெண்டாக (குழாய்க்குள் தாங்கு வைத்து வளைப்பது) இருக்க வேண்டும். சாதாரண பிரஸ்ஸில் வளைத்தால் வளைவில் குழாய் நசுங்கி, பெரிய குழாய் போட்டும் பலனில்லாமல் போகும்.

கழற்றுவதற்கு முதல் நாள் இரவே ஃப்ளேஞ்ச் (குழாய்களை இணைக்கும் தட்டு) நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டோம். ஊறாமல் ஸ்பானர் போட்டால் ஸ்டட் முறிந்து, ட்ரில் போட்டு எடுக்க வேண்டிவரும். குழாயைத் தொங்கவிடும் ஹேங்கர் ரப்பருக்குச் சோப்புத் தண்ணீர் தடவினால் கிழியாமல் வந்துவிடும்.

வெல்டிங்குக்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். முதலில் வண்டியிலேயே வைத்து அங்கங்கே புள்ளியாக டேக் மட்டும் அடித்து, பிறகு இறக்கி முழு வெல்டிங். ஆர்கான் வாயுவை வெளியே மட்டும் விடாமல் குழாயின் உள்ளேயும் நிரப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் வெல்டின் உட்புறம் கருகிப் பொருக்குத் தட்டி, பின்னாளில் அங்கேதான் விரியும். குழாயோடு குழாய்க்கு 308எல் வெல்டிங் கம்பி, சாதா இரும்பு ஃப்ளேஞ்சோடு சேர்க்க 309எல்.

சூட்டில் நீளுவதைக் கணக்கில் எடுக்காதவர்கள் அதிகம். மூன்று மீட்டர் குழாய் 250 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 13 மி.மீ. நீளும். அதனால் ஹேங்கர்களை இழுத்துக் கட்டாமல் பின்பக்கம் நகர இடம் விட்டோம். பெட்ரோல் டேங்க், பிரேக் லைன், ஹேண்ட் பிரேக் கேபிள் மூன்றிலிருந்தும் குறைந்தது 25 மி.மீ. இடைவெளி. வெப்பத் தகடுகளைத் திரும்ப மாட்டாமல் வண்டியை இறக்காதீர்கள்.

பெரிய தலைவலி உள்ளே கேட்கும் "ம்ம்ம்" என்ற இரைச்சல். நான்கு சிலிண்டர் எஞ்சின் 2,500 ஆர்பிஎம்மில் நொடிக்கு 83 முறை சுடுகிறது; நெடுஞ்சாலையில் அந்த வேகத்திலேயே ஓட்டினால் அரை மணி நேரத்தில் காது அடைத்துவிடும். சைலன்சரை மாற்றிப் பயனில்லை. பக்கவாட்டில் ஒரு முனை அடைத்த கிளைக்குழாய் வைத்தால் அந்த ஒரு சுருதி மட்டும் அடங்கும். அதன் நீளம் அலைநீளத்தில் கால் பங்கு. சூடான புகையில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 410 மீட்டர் என்று வைத்தால் 1.23 மீட்டர் வரும். குழாய்க்குள் சூடு எவ்வளவு என்று துல்லியமாகத் தெரியாததால், 1.35 மீட்டரில் தொடங்கி, மூடியைக் கிளாம்பில் மாட்டி, ஓட்டிப் பார்த்து இரண்டிரண்டு சென்டிமீட்டராகக் குறைத்தோம். இரைச்சல் அடங்கிய பிறகே மூடியை வெல்ட் செய்தோம்.

இவ்வளவு மெனக்கெட இன்னொரு காரணமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 190(2)இன்படி ஒலி வரம்பை மீறினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். பழைய சைலன்சரை விற்காமல் வைத்திருங்கள்.

லீக் பார்க்க, எஞ்சின் ஆறியிருக்கும்போது பின்முனையில் ப்ளோயரால் காற்று ஊதி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவுங்கள். கன்வர்ட்டர் ஃப்ளேஞ்சில் குமிழி வந்தால் பேக்கிங்கைப் புதிதாக மாற்றுங்கள். அங்கே வெளிக்காற்று உள்ளே இழுபட்டால் பின் ஆக்ஸிஜன் சென்சர் தவறாகப் படித்து, நல்ல கன்வர்ட்டருக்கே பி0420 என்ற பிழைக் குறியீட்டை (கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்பது) காட்டும். 200 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்கினோம். எல்லாமே கால் சுற்று இறங்கின.