கைமாற்றாகக் கொடுத்த பணம் திரும்பவில்லையா? புரோநோட்டு, செக், கெடு நாட்கள்

"சார், ஸ்டேஷன்ல ஒரு கம்ப்ளெயின்ட் கொடுத்தா பணம் வந்துருமா?" கடன் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் வக்கீலிடம் முதலில் கேட்பது இதைத்தான். பெரும்பாலும் வராது. வாங்கிய கடனைத் திருப்பித் தராதது மட்டுமே குற்றம் ஆகாது. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடிந்தால்தான் அது மோசடி. பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவு (பழைய 420) அங்கேதான் வரும். ஸ்டேஷனில் மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது கொடுப்பார்கள், இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவார்கள், "சிவில் மேட்டர், கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எழுதி முடிப்பார்கள். அப்படி அலைவதில் போகும் ஆறு மாதம்தான் ஆபத்து. கடன் வழக்குகள் பலவும் நியாயம் இல்லாததால் தோற்பதில்லை, நாள் தவறியதால் தோற்கின்றன.

கையில் என்ன தாள் இருக்கிறது என்பதைப் பொறுத்து வழி மாறும்.

புரோநோட்டு (கடனைத் திருப்பித் தருவதாக எழுதிக் கையெழுத்திட்ட சீட்டு) இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது ரெவின்யூ ஸ்டாம்ப். ஸ்டாம்ப் ஒட்டாத புரோநோட்டை கோர்ட் சாட்சியமாக ஏற்காது. போதிய முத்திரை இல்லாத மற்ற பத்திரங்களுக்கு அபராதம் கட்டிச் சரிசெய்துகொள்ள வழி உண்டு. புரோநோட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரு ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், ஆனால் கையெழுத்து ஸ்டாம்ப்பின் மேலும் தாளின் மேலும் சேர்ந்து ஓட வேண்டும். பக்கத்தில் கையெழுத்து போட்டு ஸ்டாம்ப்பைச் சும்மா விட்டால், முத்திரைச் சட்டப்படி அது ரத்து செய்யப்படாத ஸ்டாம்ப், அதாவது ஒட்டாததற்குச் சமம். சாட்சிக் கையெழுத்து சட்டப்படி கட்டாயமில்லை. ஆனால் "நான் கையெழுத்தே போடவில்லை" என்று எதிர்த்தரப்பு சொல்லும்போது கூண்டில் ஏறப்போவது அந்தச் சாட்சிதான். ஆகவே நாளைக்கு வந்து சொல்லக்கூடிய ஆளாகப் பார்த்து வாங்குங்கள். எழுதியவர் பெயரும் கையெழுத்தும் கீழே இருக்கட்டும்.

"தாங்கள் கேட்கும்போது தங்களுக்கோ தங்கள் உத்தரவு பெற்றவருக்கோ செலுத்துகிறேன்" என்று எழுதிய நோட்டுக்குக் கெடு மூன்று வருடம். அதை எண்ணுவது நோட்டின் தேதியிலிருந்து. நீங்கள் பணத்தைக் கேட்ட தேதியிலிருந்து அல்ல. பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். 2023 ஜூன் 10 தேதியிட்ட நோட்டுக்கு 2026 ஜூன் 10க்குள் தாவா, அதாவது சிவில் வழக்கு, போட வேண்டும். கெடு மே மாதக் கோடை விடுமுறையில் விழுந்தால் கோர்ட் திறக்கும் நாளில் போடலாம், ஆனால் அதை நம்பிக் காத்திருக்க எந்த வக்கீலும் சொல்லமாட்டார்.

நடுவில் கொஞ்சம் பணம் கொடுத்தால் கெடு நீளுமா? நீளும், ஒரு நிபந்தனையோடு. மூன்று வருடம் முடியுமுன் கொடுத்திருக்க வேண்டும். அந்த வரவை நோட்டின் பின்பக்கம் கடன்காரரே தன் கையால் எழுத வேண்டும், அல்லது எழுதியதன் கீழ் கையெழுத்துப் போட வேண்டும். நீங்களாக "ரூ.5,000 வரவு" என்று எழுதி வைத்துக்கொண்டால் செல்லாது. முறையாக 2025 மே 4இல் வரவு எழுதி வாங்கியிருந்தால் புதிய மூன்று வருடம் அன்றிலிருந்து, 2028 மே 4 வரை. பணம் தராமல் "இவ்வளவு தர வேண்டியிருக்கிறது" என்று தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் அதே பலன். வாயால் சொன்ன "அடுத்த மாசம் தந்துடறேன்" எத்தனை முறை சொன்னாலும் ஒரு நாளைக்கூட நீட்டாது.

வட்டி விஷயத்தில் கொடுத்தவருக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. நோட்டில் "மாதம் 1க்கு ரூ.100க்கு ரூ.1" என்று இருந்தால் அது வருடத்துக்கு 12 சதவீதம். நூற்றுக்கு மூன்று, ஐந்து என்று வாங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் வழக்குப் போட்ட மறுநாள் எதிர்த்தரப்பு 2003ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டத்தைக் கையில் எடுக்கும். மீட்டர் வட்டி, ரன் வட்டி என்று ஊரில் எந்தப் பெயரில் நடந்தாலும், அநியாய வட்டி வாங்கினால் மூன்று வருடம் வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். தெரிந்தவருக்கு ஒருமுறை கைமாற்றுக் கொடுப்பது வேறு. தொழிலாகவே வட்டிக்கு விடுவதென்றால் தாசில்தாரிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும்.

இனி செக். இங்கே கெடுக்கள் வருடக் கணக்கில் இல்லை, நாள் கணக்கில்.

செக் அதில் போட்ட தேதியிலிருந்து 3 மாதம்தான் செல்லும். அதற்குள் உங்கள் பேங்கில் போட வேண்டும். பணமில்லாமல் திரும்பினால் பேங்க் ஒரு ரிட்டர்ன் மெமோ தரும். அது உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் செக் கொடுத்தவருக்கு எழுத்துப்பூர்வமான நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் அவருக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 15 நாள் அவருக்கு அவகாசம். அந்த 15 நாளும் முடிந்த பிறகுதான் வழக்குப் போடும் உரிமை பிறக்கிறது. அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆவது பிரிவில் புகாரைத் தாக்கல் செய்ய வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மெமோ மார்ச் 3 அன்று கைக்கு வந்தது. அந்த நாளை விட்டுவிட்டு எண்ணினால் 30ஆவது நாள் ஏப்ரல் 2. அன்றைக்குள் நோட்டீஸ் தபாலில் சேர்ந்திருக்க வேண்டும். ஏப்ரல் 10இல் அவர் வாங்கினார் என்றால் அவருடைய 15 நாள் ஏப்ரல் 25இல் முடிகிறது. ஏப்ரல் 26 முதல் புகார் போடலாம். மே 25ஐக் கடைசி நாளாக வைத்துக்கொள்வது பாதுகாப்பு. அவசரப்பட்டு ஏப்ரல் 20இலேயே போட்டால் அது புகாரே இல்லை என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தாமதமாகப் போட்டால் தக்க காரணம் காட்டி மன்னிப்பு மனு போடலாம். ஆனால் நோட்டீஸின் 30 நாளுக்கு அப்படி மன்னிப்பே கிடையாது. அந்த 30 நாள் தவறிவிட்டால் ஒரே ஒரு வழி: செக்கின் 3 மாதம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் மறுபடியும் பேங்கில் போட்டு, புதிய மெமோ வாங்கி, புதிதாக எண்ணத் தொடங்கலாம். செக்கை வாங்கியதும் பெட்டியில் வைத்துக் கடைசி வாரத்தில் எடுத்துப் போடுகிறவர்களுக்கு இந்த இரண்டாவது வாய்ப்பு இல்லாமல் போகிறது.

நோட்டீஸில் எழுதும் தொகை செக்கில் உள்ள தொகையாகவே இருக்க வேண்டும். ஒரு கோடி ரூபாய் செக்குக்கு இரண்டு கோடி என்று நோட்டீஸில் கேட்டுவிட்டு, "தட்டச்சுப் பிழை" என்றார்கள் ஒரு வழக்கில். 2025இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, நோட்டீஸ் செல்லாது, வழக்கும் போயிற்று. வட்டி, நோட்டீஸ் செலவு கேட்பதானால் தனி வரியில், தனித் தொகையாகப் பிரித்துக் கேளுங்கள். இன்னொரு சிக்கல்: மூன்று லட்சத்துக்குச் செக் வாங்கிய பிறகு ஒரு லட்சம் ஜிபேயில் வந்துவிட்டது; செக்கை அப்படியே மூன்று லட்சத்துக்குப் போட்டால்? அன்றைய தேதியில் பாக்கி இரண்டு லட்சம்தான் என்பதால் 138 நிற்காது (2022 தீர்ப்பு). வந்த ஒரு லட்சத்தைச் செக்கிலேயே குறித்துவிட்டுப் போட வேண்டும், அல்லது பழைய செக்கைத் திருப்பிக் கொடுத்துப் புதிய செக் வாங்க வேண்டும். இரண்டாவதே சுலபம்.

நோட்டீஸை வக்கீல்தான் அனுப்ப வேண்டுமென்று சட்டத்தில் இல்லை. நீங்களே எழுதலாம், செக் எண், தேதி, தொகை, பேங்க், திரும்பிய காரணம், கடன் எப்படி வந்தது, 15 நாளில் தர வேண்டும் என்ற கோரிக்கை இவை இருந்தால் போதும். ஆனாலும் இந்த ஒரு தாளில் வரும் பிழையைப் பின்னால் திருத்த முடியாது என்பதால் இங்கே மட்டும் வக்கீல் செலவைச் சேமிக்காதீர்கள். பதிவுத் தபால் 2025இல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டதால் ஸ்பீடு போஸ்ட்டில் பதிவும் ஒப்புகையும் சேர்த்து அனுப்புங்கள். ரசீதையும், போய்ச் சேர்ந்ததாக இணையத்தில் காட்டும் பக்கத்தின் அச்சையும் உடனே எடுத்து வையுங்கள். பல மாதம் கழித்துத் தேடினால் கிடைக்காது. அவர் வாங்க மறுத்தாலும், "கதவு பூட்டியிருக்கிறது" என்று திரும்பினாலும், முகவரி சரியாக இருந்தால் சேர்ந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால் ஆதாரில் உள்ள முகவரி, இப்போது குடியிருக்கும் முகவரி, கடை முகவரி எல்லாவற்றுக்கும் அனுப்புவது வழக்கம்.

புகாரைப் போட வேண்டிய இடம் உங்கள் கணக்கு இருக்கும் கிளையின் எல்லைக்குட்பட்ட கோர்ட். 2015 திருத்தத்துக்குப் பிறகு இதுதான் நிலை, அவருடைய ஊருக்கு நீங்கள் அலைய வேண்டியதில்லை. கம்பெனி செக் என்றால் கையெழுத்துப் போட்ட இயக்குநரை மட்டும் சேர்த்தால் வழக்கு நிற்காது, கம்பெனியையும் எதிரியாகச் சேர்க்க வேண்டும், நோட்டீஸும் கம்பெனிக்குப் போயிருக்க வேண்டும். கணவன் மனைவி கூட்டுக் கணக்கில் கணவன் மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தால் மனைவி மேல் வழக்கு இல்லை. செக் கொடுத்தவர் இறந்துவிட்டால் 138 அவரோடு முடிகிறது. அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்கு வாரிசுகள் மேல் சிவில் தாவா போடலாம்.

தண்டனை இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையைப்போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். 2018 திருத்தத்துக்குப் பிறகு, வழக்கு நடக்கும்போதே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கட்டச் சொல்லிக் கேட்க முடியும். இதற்கு மனுப் போட வேண்டும், தானாக வராது. ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறை அப்படி இல்லை. சம்மன் அவர் கைக்குப் போய்ச் சேர்வதற்கே பல வாய்தா போகும்.

மறுபக்கத்தில் நிற்பவர்களின் கேள்வி: "வெத்துச் செக்கில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தேன், அவரே தொகையை நிரப்பிட்டார். செல்லாதுல்ல?" செல்லும். கையெழுத்து உங்களுடையது என்று ஒப்புக்கொண்டால், கடனுக்காகவே செக் கொடுத்தீர்கள் என்று கோர்ட் ஊகிக்கும். நிரப்பியது யார் கை என்பது முக்கியமில்லை என்று 2019 தீர்ப்பு. பேங்கில் ஸ்டாப் பேமென்ட் கொடுப்பதும், கணக்கை மூடுவதும், கையெழுத்தை மாற்றிப் போடுவதும் தப்பிக்கும் வழிகள் அல்ல, அவையும் 138க்குள் வந்துவிட்டன. ஊகத்தை உடைக்க உங்களால் முடியும்: அவ்வளவு பணம் கொடுக்கும் வசதி அவருக்கு இருந்ததா, எங்கிருந்து எடுத்தார், கணக்கில் காட்டினாரா என்று குறுக்கு விசாரணையில் கேட்கலாம், பணம் கட்டிய ரசீதுகளைக் காட்டலாம். இந்த எதிர்வாதத்தை முதலில் சொல்ல வேண்டிய இடம் பதில் நோட்டீஸ். நோட்டீஸை வாங்கி வைத்துவிட்டுப் பேசாமல் இருந்து, கோர்ட்டில் போய்ப் புதுக்கதை சொன்னால் எடுபடுவது கஷ்டம்.

20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, அபராதம் வாங்கியவருக்கு. இதைக் காட்டிக் கடனே செல்லாது என்று வாதாட முடியாது, அதையும் உச்ச நீதிமன்றம் 2025இல் தெளிவாக்கிவிட்டது.

நோட்டும் இல்லை, செக்கும் இல்லை, ஜிபேயில் அனுப்பியதுதான் என்றால்? தாவா போடலாம், பணம் கொடுத்த நாளிலிருந்து மூன்று வருடம். பேங்க் ஸ்டேட்மென்ட் பணம் போனதை மட்டும் காட்டும், கடன் என்று காட்டாது. "அன்பளிப்பு", "பழைய பாக்கி" என்று அவர் சொல்லிவிடலாம். வாட்ஸ்அப்பில் "அந்த 80,000ஐ தீபாவளிக்கு முன்னாடி தந்துடறேன்" என்று அவர் எழுதியது இருந்தால் அதுதான் உயிர். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, பாரதிய சாட்சியச் சட்டம் 63ஆவது பிரிவின்படி சான்றிதழ் சேர்க்க வேண்டும். போனை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம்.

சிவில் தாவாவுக்குத் தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் தொகையில் 3 சதவீதம், ஐந்து லட்சத்துக்கு 15,000 ரூபாய். 2017க்கு முன் இது 7.5 சதவீதமாக இருந்தது. டிக்ரி (பணத்தைக் கட்டச் சொல்லும் கோர்ட் ஆணை) கிடைத்தால் நிறைவேற்ற 12 வருடம் உண்டு. சம்பளத்தை ஜப்தி செய்ய முடியும், ஆனால் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொட முடியாது; பி.எஃப்., அரசு பென்ஷன் பக்கம் போகவே முடியாது. கடன்காரர் பெயரில் என்ன சொத்து இருக்கிறது என்று வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்த்துவிட்டுத் தாவா போடுங்கள். ஒன்றும் இல்லாதவர் மேல் வாங்கும் டிக்ரி கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டத்தான் உதவும். ஒரே கடனுக்குச் செக் வழக்கும் சிவில் தாவாவும் ஒருசேர நடத்தலாம், பணத்தை இருமுறை வசூலிக்க முடியாது, அவ்வளவுதான்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்ப்பதில்லை. தொலைபேசி எண் 15100. லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) சமரசமாக முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். சமரசம் பேசும்போது தவணைத் தேதிகளை மனுவிலேயே எழுதிவிடுங்கள். கடைசித் தவணை கைக்கு வந்த பிறகே அசல் நோட்டைத் திருப்பிக் கொடுங்கள். பணம் கட்டுகிறவர் தன் பங்குக்கு, கடன் கொடுத்தவரின் பெட்டியில் தூங்கும் மற்ற செக்குகளின் எண்களையும் அதே மனுவில் எழுதி, அவையும் திரும்பி வரவேண்டும் என்று சேர்த்துக்கொள்வது அவசியம்.