பொய்ப் பச்சை

ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்த புதிதில் என் விடிகாலைகள் பல ஆடுதொட்டியில்தான் போயின. அறுத்த கையோடு மூளையை வாங்கி, ஐஸ் பெட்டியில் போட்டு, லேபுக்கு ஓட வேண்டும். தாமதித்தால் உள்ளே இருக்கும் டியூபுலின் கெட்டுவிடும். கடைக்காரர் முதல் நாள், "வறுவலுக்கா தம்பி?" என்று கேட்டார். தலையாட்டிவைத்தேன்.

டியூபுலின் சுவாரசியமான புரதம். ஆல்பா, பீட்டா என்று ஜோடியாகவே திரியும். 37 டிகிரியில் வைத்தால் ஜோடிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்துக்கொண்டு 25 நானோமீட்டர் தடிமனுள்ள நுண்குழல்களாகும். ஐஸில் வைத்தால் பிரிந்துவிடும். இப்படிச் சூடாக்கிக் குளிரவைத்து, ஒவ்வொரு முறையும் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றித்தான் அதைச் சுத்தம் செய்வோம். அதோடு அது ஒரு நொதியும்கூட. குழலில் சேர்ந்ததும், தான் பிடித்திருக்கும் ஜிடிபி (GTP) என்ற, மூன்று பாஸ்பேட் உள்ள மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை வெட்டிவிடும். (வெட்டிய பின் மிஞ்சும் GDP-யும் தமிழில் எழுதினால் ஜிடிபிதான். அதனால் என் நோட்டில் 'மூன்று', 'இரண்டு' என்றே குறித்துக்கொள்வேன்.)

என் வேலை ஸ்டாத்மினைப் பற்றியது. 149 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். இரண்டு டியூபுலின் ஜோடிகளை வரிசையாகப் பிடித்துவைத்துக்கொண்டு குழலில் சேரவிடாது. பாக்டீரியாவில் தயாரித்த கரைசலைக் கொதிநீரில் வைத்தால் மற்ற புரதங்கள் எல்லாம் முட்டை வெள்ளைக்கருபோலத் திரிந்து இறங்கிவிடும், ஸ்டாத்மின் மட்டும் கரைந்தபடியே நிற்கும். தனியாக இருக்கும்போது அதற்கு உறுதியான வடிவமே கிடையாது. குலைவதற்கு என்ன இருக்கிறது?

ஸ்டாத்மின் சேர்த்தால் டியூபுலினின் வெட்டு என்ன ஆகிறது என்று அளந்தேன். வெட்டுப்படும் பாஸ்பேட்டை மாலகைட் கிரீன் சாயம் காட்டிக்கொடுக்கும். மஞ்சள் கரைசல் பச்சையாகும். சோதனைத் தட்டில் ஸ்டாத்மின் சேர்த்த குழிகளெல்லாம் அன்று பாசிபோலக் கரும்பச்சை. இரவு பத்து மணிக்குக் கைடுக்குப் போன் செய்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "டியூபுலின் இல்லாம வெறும் ஸ்டாத்மின் போட்டுப் பார்த்தியாப்பா?"

பார்க்கவில்லை. மறுநாள் பார்த்தேன். அதுவும் அதே பச்சை. ஸ்டாத்மினை நான் சேமித்துவைத்திருந்ததே பாஸ்பேட் பஃபரில், அதாவது பாஸ்பேட் உப்புக் கரைசலில்! இரண்டு மாத உழைப்பில் நான் அளந்தது என் பஃபரைத்தான்.

சரி என்று பாஸ்பேட் இல்லாத பைப்ஸ் பஃபருக்கு மாற்றி, சோப்புத்தூள் படாத புதுப் பிளாஸ்டிக் குழாய்களில் மறுபடி ஆரம்பித்தேன். இந்த முறை வந்தது இளம்பச்சை. கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஏற்றம், ஆனால் ஒவ்வொரு முறையும் வந்தது. குழலில் சேராத டியூபுலின் மிக மெதுவாகத்தான் வெட்டும். சேரவிடாமல் தடுக்கிற புரதமே வெட்டைக் கூட்டுவானேன் என்று குழம்பினேன். ஸ்டாத்மின் வகைப் புரதம் டியூபுலினைப் பிடித்திருப்பதைக் காட்டும், 2000-இல் வெளியான படிக அமைப்பை (முப்பரிமாணப் படத்தை) பார்த்தபோதுதான் பிடிபட்டது. ஒரு ஜோடியின் பீட்டாவில் இருக்கும் ஜிடிபியை வெட்ட, அடுத்த ஜோடியின் ஆல்பா வந்து முட்ட வேண்டும். ஸ்டாத்மின் இரண்டு ஜோடிகளை முனையோடு முனை சேர்த்துப் பிடிப்பதால், குழலே இல்லாமல் அப்படி ஒரு மூட்டு கிடைத்துவிடுகிறது. கூடவே, பழையதைக் கழற்றிப் புது ஜிடிபி மாட்டுவதையும் அதுவே தடுக்கிறது. ஏற்றம் சிறிதாக இருந்ததற்கு அதுதான் காரணம் என்பது என் ஊகம்.

அப்புறம், ஸ்டாத்மினில் செரின் என்ற அமினோ அமிலங்கள் நான்கில் பாஸ்பேட் ஏறினால் இந்தப் பிடி தளரும். அதையும் அளக்க வேண்டுமே. மறுவாரம் மறுபடி ஆடுதொட்டிக்குப் போனேன். கடைக்காரர் எதுவும் கேட்காமல் ஐஸ் பெட்டிக்காகக் கையை நீட்டினார்.