தீர்மானப் புத்தகத்தில் எழுதியிருந்தவை

மதுரையில் வணிகச் சங்கங்களுக்கும் நடுத்தர நிறுவனங்களுக்கும் போட்டிச் சட்டம் குறித்து ஆலோசனை சொல்லும் வழக்கறிஞர் என்ற முறையில், சட்டப் பிரிவுகளை விளக்குவது எனக்கு எளிது; கூடிப் பேசி விலை வைப்பது குற்றம் என்பதை ஏற்கவைப்பதுதான் கடினம். கீழமாசி வீதி மொத்த வியாபாரியானாலும் கப்பலூரில் தொழிற்கூடம் நடத்துபவரானாலும், விலையை இறக்கி அடுத்தவர் பிழைப்பைக் கெடுக்காமல் இருப்பதை ஒழுக்கமாகவே கருதுகிறார்கள். 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3ஆவது பிரிவோ, போட்டியாளர்கள் கூடி விலை நிர்ணயித்தாலும், சந்தையைப் பங்கிட்டாலும், டெண்டரில் பேசிவைத்து விலை கோரினாலும் போட்டிக்குக் கேடு விளைந்ததாகவே அனுமானித்துக்கொள்கிறது. இல்லை என்று காட்டுவது வணிகரின் பொறுப்பு.

ஒரு சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டியபோது, குறைந்தபட்ச விற்பனை விலை, மீறுபவருக்கு அபராதம், அவருக்குச் சரக்கு கொடுக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு, முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் என எல்லாம் அழகான கையெழுத்தில் இருந்தன. விசாரணை வந்தால் வேறு சாட்சியம் தேட வேண்டியதில்லை. சங்கத்தின் மீது மட்டுமன்றி, 48ஆவது பிரிவின்படி பொறுப்பில் இருந்தவர்கள் மீதும் அபராதம் விழலாம் என்றதும்தான் நிர்வாகிகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சங்கத்தின் தடையில்லாச் சான்று இல்லாமல் மருந்து நிறுவனங்கள் புதிய ஸ்டாக்கிஸ்டை (மொத்த விநியோகஸ்தரை) நியமிக்கக் கூடாது என்று கட்டுப்படுத்திய மருந்து வணிகர் சங்கங்கள் மீது, இந்தச் சட்டத்தை அமல்படுத்தும் போட்டி ஆணையம் நடவடிக்கை எடுத்திருப்பதை அவர்கள் அறிந்திருக்கவில்லை.

தானிய வியாபாரிகளிடம் நான் தவறாமல் எடுத்துச் சொல்வது அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வழக்கு. மூட்டையில் பூச்சி விழாமல் காக்கும் அந்த மாத்திரை அவர்களுக்குப் பழக்கமானது. 2009இல் இந்திய உணவுக் கழகத்தின் டெண்டரில் தயாரிப்பாளர்கள் ஒரே விலையைக் கோரியது வழக்காகி, 2017இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பொருளின் விற்பனையை மட்டும் வைத்து அபராதத்தைக் கணக்கிடச் சொன்னது. ஆனால் சட்டத்தில் 2023இல் வந்த திருத்தத்துக்குப் பின் அபராதத்தின் உச்சவரம்பு நிறுவனத்தின் மொத்த டர்னோவரை, அதாவது எல்லா விற்பனை வரவையும், கொண்டே அமைகிறது. கூட்டுச் சதி என்றால், அது நீடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் லாபத்தின் மூன்று மடங்கு அல்லது டர்னோவரில் 10 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதுவரை விதிக்கலாம். நூற்றுக்கு இரண்டு, மூன்று ரூபாய் லாபத்தில் சரக்கைத் தள்ளுகிறவருக்கு லாபத்தைவிட டர்னோவர் என்ற சொல்தான் பயங்கரமானது. வேறு எந்த விளக்கமும் இந்தக் கணக்கைப் போல வேலை செய்வதில்லை.

"அப்ப சங்கம் எதுக்கு சார்?" என்று கேட்பார்கள், நியாயமான கேள்வி. வரி, உரிமம், எடை, தரம் குறித்து அரசிடம் முறையிடத் தடையில்லை. ஆகவே கூட்டத்தின் பொருள் நிரலை முன்கூட்டியே எழுதி, அதற்கு வெளியே பேச்சு போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன். ஏற்கெனவே சிக்கியவர்களுக்கு 46ஆவது பிரிவு ஒரு வழி வைத்திருக்கிறது: முதலில் வந்து முழு உண்மையைத் தருபவருக்கு அபராதம் முற்றிலும் குறையலாம். காட்டிக்கொடுப்பதாக எண்ணி ஒதுங்குபவர்களே அதிகம்.

இப்போது தீர்மானப் புத்தகத்தின் இடத்தை வாட்ஸ்அப் குழு பிடித்துக்கொண்டது. விலைப் பேச்சு வந்ததும் மௌனமாக இருந்தால் போதாது, உடன்பாடில்லை என்று அங்கேயே எழுதிவிட்டு விலகுங்கள் என்பது என் அறிவுரை. தினமும் முகம் பார்க்கும் பக்கத்துக் கடைக்காரரிடம் அதை எழுதத் தயங்குகிறார்கள் என்பதால், குழுவில் விலை பேசக் கூடாது என்ற விதியைச் செயலாளரே எல்லோருக்கும் பொதுவாக அறிவித்துவிடும்படி சில சங்கங்களில் ஏற்பாடு செய்திருக்கிறோம்.