டிராக்டர் கேட்டோம், வெட்டிவேர் கிடைத்தது

தென்னாப்பிரிக்க அரசின் லேண்ட்கேர் திட்ட உதவிக்கு மனு போடும் எண்ணம் உள்ளவர்கள், முதலில் நாங்கள் செய்த தப்பைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

டர்பனுக்கு வடக்கே டோங்காட் பக்கம் ஏழு குடும்பம் சேர்ந்து காய்கறி போடுகிறோம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் மேட்டு மண் ஓடையோடு போய்விட்டது. அந்தச் சூட்டிலேயே மனு எழுதினோம். கேட்டது டிராக்டர், பம்பு, கம்பிவேலி. மனு திரும்பி வந்தது. வேளாண் விரிவாக்க அலுவலர் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "இது மண்ணையும் தண்ணீரையும் காப்பாற்றக் கொடுக்கிற பணம். உங்கள் தாளில் மண்ணே இல்லையே!" நியாயம்தான்.

சரி என்று மறுபடி உட்கார்ந்தோம். நிலப்பத்திரம் இறந்துபோன தாத்தா பெயரிலேயே இருந்தது. அதை நேராக்க நான்கு மாதம் ஓடிற்று. எங்கள் சோம்பேறித்தனத்துக்குக் கூலி.

அப்புறம் சரிவை அளந்தோம். இரண்டு மீட்டர் பலகையின் ஒரு முனையை மேட்டில் ஊன்றி, ரசமட்டக் குமிழ் நடுவில் நிற்கும்வரை மறுமுனையைத் தூக்கினோம். அடியில் 34 செ.மீ. இடைவெளி, அதாவது 17 சதவீதச் சரிவு. 20-ஐத் தாண்டியிருந்தால் 1983-ஆம் ஆண்டு வேளாண் வளப் பாதுகாப்புச் சட்டப்படி எழுத்துமூல அனுமதி இல்லாமல் உழவே கூடாது. தப்பித்தோம்.

சரிவில் ஒரே உயரத்தில் ஓடும் சமமட்டக் கோடு போட மூன்று கம்பை 'A' வடிவத்தில் கட்டி, உச்சியிலிருந்து கயிற்றில் கல்லைத் தொங்கவிட்டோம். குறுக்குக் கம்பில் கயிறு தொடும் இடத்தில் ஒரு கோடு. கால்களை இடம் மாற்றி நிறுத்தி இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் கயிறு நின்றால் இரு காலும் ஒரே மட்டம். அப்படியே முளை அடித்துக்கொண்டு போனால் கோடு பாம்பு மாதிரி வளைகிறது. நேர்கோட்டில் உழுதே பழகிய மாமாவுக்கு அது பொறுக்கவே இல்லை.

அந்தக் கோடுகளின் படம், ஓடையில் கிடந்த எங்கள் மண்ணின் போட்டோ, மூன்று கடை விலைப்பட்டியல், குழுக் கூட்டக் குறிப்பு எல்லாம் வைத்துக் கொடுத்தோம். இந்தத் தடவை அலுவலர் நிலத்துக்கே வந்து நடந்து பார்த்தார். ஒப்புதல் வந்தது. ரொக்கம் கைக்கு வரவில்லை. நாற்றும் கருவியும் நடவுக்கூலியும்தான்.

புரட்டாசி விரதம் முடிந்த வாரம், மண்ணைப் பிடித்து நிறுத்த அந்தக் கோடுகளில் 15 செ.மீ. இடைவெளியில் வெட்டிவேர் நட்டோம். ஜனவரி மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தால், வரிசையின் மேல்பக்கம் ஒரு விரல்கடை வண்டல் படிந்திருந்தது.

பானைத் தண்ணீரில் போட ஒரு பிடி வேர் வேண்டும் என்று பெரியம்மா நச்சரிக்கிறார். இன்னும் கொடுக்கவில்லை.