இடைக்கால வேல்ஸின் கொடிவழிகளில் ஐயத்துக்குரிய பெற்றோரைத் தேடுவது எப்படி

இடைக்கால வேல்ஸின் கொடிவழிகளைப் பயிலத் தொடங்குவோர் எடுத்தவுடன் ஒரே பெரிய வரைபடமாக எழுத முனைய வேண்டாம். ஒவ்வொரு சுவடியும் சொல்வதை, அது எழுந்த காலத்தோடு, தனித்தனித் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மெர்வின் வ்ரிக் என்ற மன்னரின் பிறப்பைப் பயின்றபோது எனக்கு மிகவும் துணைநின்ற ஒழுங்கு இதுவே.

மெர்வின் 825ஐ ஒட்டி வட வேல்ஸின் குவினெத் நாட்டு அரசராகி 844இல் இறந்தார். பழைய அரச மரபுக்கு அவர் ஆண்வழி வாரிசு அல்லர். பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள ஹார்லியன் 3859ஆம் சுவடி 1100 அளவில் படியெடுக்கப்பட்டதாயினும், அதன் கொடிவழிகள் 10ஆம் நூற்றாண்டில், மன்னர் ஹவெல் தாவின் மகன் ஓவைன் காலத்தில் தொகுக்கப்பட்டவை. ஓவைனில் தொடங்கி, மகனிலிருந்து தந்தைக்கு என ஏறிச்செல்லும் அதன் முதல் வரிசை, மெர்வினை எட்டியதும் அவரை எத்தில் என்ற பெண்ணின் மகன் என்று கூறி, அவளுடைய தந்தை கினான் வழியாகப் பழைய மன்னர்களைச் சென்றடைகிறது. பிற்காலக் கொடிவழிகளோ அவளை எசில்ட் என்ற பெயரில் மெர்வினின் மனைவியாக்கிவிடுகின்றன.

தாயா, மனைவியா என்ற இந்தக் கேள்வியில் நான் ஹார்லியன் சுவடியின் பக்கமே நிற்கிறேன். அது காலத்தால் முந்தியது என்பதோடு, அதன் இரண்டாம் வரிசையும் ஓவைனின் தாய் எலன் வழியாகவே தென்மேற்கு வேல்ஸின் டவெட் நாட்டு மன்னர்களை எட்டுகிறது. ஆகவே, தாய்வழி உரிமையை வெளிப்படையாக எழுதுவது அத்தொகுப்பாளரின் வழக்கம் என்று கொள்ளலாம். ஒரு கொடிவழி யாருடைய உரிமையை நிலைநாட்ட எழுதப்பட்டது என்று கேட்காமல் அதை எடைபோட இயலாது.

மெர்வினின் தந்தையின் பெயர் குரியாட் என்பது ஆக்ஸ்போர்டு இயேசு கல்லூரியின் 20ஆம் சுவடியில் கிடைக்கிறது. மெர்வினின் மகன் ரோட்ரி 878இல் கொல்லப்பட்டபோது உடன் மாண்ட இன்னொரு குரியாட்டை லத்தீன் ஆண்டுக்குறிப்பு ரோட்ரியின் மகன் என்கிறது. வேல்ஸ் மொழி வரலாறோ சகோதரன் என்கிறது. எதுவாயினும், அப்பெயர் குடும்பத்தில் மீண்டும் வருவதால் தந்தையின் பெயர் வலுப்பெறுகிறது.

பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள மேன் தீவில் ‘குரியாட்டின் சிலுவை’ என்று பொறித்த கல் ஒன்று உள்ளது. பலர் அதை மெர்வினின் தந்தையோடு உறுதியாகவே இணைத்துவிடுகிறார்கள். கல் தருவது பெயரை மட்டுமே. தந்தை பெயரோ நாட்டின் பெயரோ அதில் இல்லாததால், அதை அவருடைய தாளில் சேர்க்காமல் குரியாட் என்ற பெயருக்கான தனித்தாளிலேயே வைத்திருங்கள்.